கரிசல் காட்டில் ஒரு விஆர் தியானம்

விஆர் கருவி என்றாலே பலருக்கும் கேம்ஸ்தான் நினைவுக்கு வரும். அதை மாட்டிக்கொண்டு, ஒரு குரல் வழிநடத்தத் தியானமும் செய்யலாம். நாமே அப்படி ஒன்றைத் தயாரிக்க முடியுமா? முடியும்.

முதலில் இடம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்த எட்டயபுரத்தை எடுத்துக்கொள்வோம். அவரது நினைவிடமும் அங்கேதான் உள்ளது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் நிலம். இந்த வெட்டவெளி நமக்கு வசதி. சாதாரண 360 டிகிரி போட்டோவில் ஆழம் கிடையாது. பக்கத்துப் பொருள்கள் தட்டையாகத் தெரியும், தொலைதூர அடிவானமோ இயல்பாகவே இருக்கும்.

உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் கேமராவை வைத்துப் படமெடுங்கள். 4096 x 2048 பிக்சல் போதும். 2015-ல் மொசில்லா வெளியிட்ட எ-ஃப்ரேம் இலவசம், பிரவுசரிலேயே இயங்கும். அதன் எ-ஸ்கை டேக்கில் போட்டோவின் பெயரைக் கொடுத்தால் காட்சி உங்களைச் சூழ்ந்துகொள்ளும்.

முக்கிய விதி: காட்சியைத் தானாக நகரவிடாதீர்கள். உடல் அசையாதபோது கண்முன் உலகம் நகர்ந்தால் தலை சுற்றும், குமட்டும். பிறகு தியானம் எங்கே? குரல் பதிவில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின் இரண்டு மூச்சு இடைவெளி விடுங்கள்.

நாற்காலியில் அமர்ந்து ஐந்து நிமிடம் சோதியுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே கருவியைக் கழற்றிவிடுங்கள்.