சுண்ணாம்பும் தாய்ப்பாலும்

இலங்கையில் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து மலைகளில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் பலரின் இடுப்பில் ஒரு சுருக்குப் பை இருக்கும். உள்ளே வெற்றிலை, பாக்கு, சின்ன டப்பியில் சுண்ணாம்பு, ஒரு துண்டுப் போயிலை. குளிருக்கு, பசிக்கு, நாள் முழுக்க நிற்கும் அலுப்புக்கு என்பார்கள். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பிறகும் பை அங்கேயேதான். "புகைப்பீங்களா?" என்று கிளினிக்கில் கேட்டால் "இல்ல" என்பதில் பொய்யும் இல்லை. ஆனால் நிக்கோடினுக்குப் புகை தேவையில்லை. கொஞ்சம் சுண்ணாம்பு போதும்.

அமிலம் கூடிய இடத்தில் நிக்கோடின் மூலக்கூறு மின்னூட்டம் ஏற்றுக்கொள்ளும். அந்த நிலையில் உயிரணுவின் கொழுப்புச் சவ்வைத் தாண்ட அதனால் ஆகாது. காரத்தன்மை கூடினால் மின்னூட்டம் கழன்றுவிடும். சவ்வுக்குள் தாராளமாகப் புகும். விரல் நுனியில் தொட்டு வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, கன்னத்தின் உள்தோல் வழியே நிக்கோடினை இரத்தத்தில் சேர்ப்பது இப்படித்தான்.

இதே வேதியியல் மார்பில் தலைகீழாக நடக்கிறது. பிஹெச் அளவு குறைந்தால் அமிலம் கூடும். இரத்தத்தின் பிஹெச் 7.4, தாய்ப்பாலுடையது ஏறக்குறைய 7. இரத்தத்திலிருந்து சுலபமாக வந்த நிக்கோடின், பாலின் சற்றே கூடிய அமிலத்தில் மின்னூட்டம் ஏறி, எலிப்பொறியில் நுழைந்ததுபோல் மாட்டிக்கொள்கிறது. அதனால் தாயின் இரத்தத்தில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட 3 மடங்கு நிக்கோடின் பாலில் சேர்கிறது.

நல்லவேளையாக அது நிரந்தரச் சிறையல்ல. இரத்தத்தில் அளவு இறங்க இறங்கப் பாலிலும் இறங்கும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். சிகரெட்டில் நிக்கோடின் சட்டென்று ஏறி விரைவில் இறங்கும். மெல்லும் போயிலையிலோ மெதுவாக ஏறி, நெடுநேரம் நிற்கும். ஒன்றைத் துப்பியதும் அடுத்ததைப் போடுபவருக்கு இறங்கவே நேரம் கிடைக்காது.

பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) இருக்கும் தோட்டத்தில் பாலூட்ட அரை மணி நேர இடைவேளை நாளுக்கு இரண்டு தர வேண்டும் என்பது 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைச் சட்டம் தரும் உரிமை. மலையிலிருந்து வெற்றிலை மென்றுகொண்டே இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கினால், நிக்கோடின் பாலில் ஏறும் நேரத்தில்தான் பால் கொடுக்கிறோம். கொடுத்து முடித்த பிறகு போட்டால் குழந்தைக்குப் போவது குறையும்.

பெரியவர் உடலில் நிக்கோடின் பாதியாக 2 மணி நேரம் ஆகும். பச்சைக் குழந்தைக்குச் சுமார் 11 மணி நேரம். 2007இல் பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லா குழுவினர் புகைக்கும் தாய்மார் 15 பேரின் குழந்தைகளைக் கவனித்தார்கள். தாய் புகைக்காத நாளில் மூன்றரை மணி நேரத்தில் 84 நிமிடம் தூங்கிய குழந்தைகள், புகைத்த நாளில் 53 நிமிடம்தான் தூங்கின. குடித்த பாலின் அளவு குறையவில்லை. தூங்காமல் அழும் பிள்ளையைப் பார்த்து "பால் பத்தல" என்று பால்மா பெட்டி வாங்குவதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம். போயிலை போடும் தாயும் தொடர்ந்து தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் நிலை. விட வேண்டியது போயிலையை.

போயிலையை மட்டும் எடுத்துவிட்டு வெற்றிலை போடலாமா என்றால், பாலில் நிக்கோடின் இருக்காது என்பது சரி. ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது.