முகத்தைக் கழுவினால் போதுமா? பிரஷ்ஷைக் கழுவினீர்களா?

"டாக்டர், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை முகம் கழுவறா. சோப்பு மாத்திப் பார்த்தாச்சு, க்ரீம் மாத்திப் பார்த்தாச்சு. எண்ணெய்ப் பலகாரத்தைக்கூட நிறுத்திட்டோம். பரு மட்டும் போகவே மாட்டேங்குது!"

வயசுப் பெண்ணை அழைத்து வரும் அம்மாக்கள் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு கேள்வி. "முகம் கழுவறது சரிம்மா. அந்த முகத்துல போடற பிரஷ்ஷை, ஸ்பாஞ்சை, பவுடர் பஃப்பை எப்போ கழுவினீங்க?"

அம்மா மகளைப் பார்ப்பார். மகள் தரையைப் பார்ப்பாள். பதில் வராது!

தினமும் சாப்பிடும் தட்டை ஒரு வேளைகூடக் கழுவாமல் வைக்க மாட்டோம். தலை சீவும் சீப்பைக்கூட அவ்வப்போது சீயக்காய் போட்டுக் கழுவுகிறோம். ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் தினம் தினம் தேய்க்கும் பிரஷ், வாங்கிய நாளிலிருந்து தண்ணீரையே பார்த்திருக்காது. பவுடர் டப்பாவுக்குள் இருக்கும் பஃப்பைக் கேட்கவே வேண்டாம். டப்பா தீர்ந்தால் புது டப்பா வரும். பஃப் மட்டும் பழையதே!

பரு எப்படி வருகிறது?

அழுக்கினால்தான் பரு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. நம் தோலில் மெல்லிய முடி முளைக்கும் ஒவ்வொரு துவாரத்தின் பக்கத்திலும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன்கள் தூண்டுவதால் இது அதிகமாகச் சுரக்கிறது. தோலில் உதிரும் செல்கள் இந்த எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தின் வாயை அடைக்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில், வழக்கமாகவே தோலில் குடியிருக்கும் ஒரு கிருமி பெருகுகிறது. பிறகு என்ன? சிவப்பு, வீக்கம், வலி, சீழ்.

ஆக, விதை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த அடைப்பை அதிகமாக்கும் வேலையை வெளியிலிருந்து வரும் பொருள்களும் செய்கின்றன. தலைக்குத் தடவும் எண்ணெய்ப் பூச்சுகளால் நெற்றியில் வரும் பருவைப் பற்றி அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே எழுதினார்கள். முகப்பூச்சுகளால் வரும் பருவுக்கு 1972-ல் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். எண்ணெய் வழிய வழியத் தலைவாரிக்கொண்டு, அதன் மேல் பவுடரும் பூசிக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிரஷ்ஷுக்குள் என்ன இருக்கிறது?

ஒருமுறை முகத்தில் ஓட்டிய பிரஷ்ஷில் மூன்று சமாச்சாரங்கள் ஒட்டிக்கொள்கின்றன. முகத்து எண்ணெய், உதிர்ந்த தோல் செல்கள், மிச்சமிருக்கும் பவுடர் அல்லது ஃபவுண்டேஷன். துவாரத்தை அடைக்கும் அதே சரக்கு! மறுநாள் அதையே எடுத்து மறுபடி முகத்தில் அப்புகிறோம். நாளாக ஆக முடிகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப் போகும். பூச்சு சரியாகப் படியாததால் அழுத்தித் தேய்ப்போம். அந்த உராய்வே பருவைக் கிளறிவிடும்.

கிருமி சங்கதி இன்னும் மோசம். இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மக்கள் உபயோகித்துக்கொண்டிருந்த லிப்ஸ்டிக், ஐலைனர், மஸ்காரா, ஃபவுண்டேஷன் ஸ்பாஞ்ச் போன்றவற்றை வாங்கிப் பரிசோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பொருள்களில் கிருமிகள் இருந்தன. ஸ்பாஞ்சுகளில் 93 சதவிகிதம் ஒரு தடவைகூடக் கழுவப்படாதவை. 64 சதவிகிதம் தரையில் விழுந்து, எடுத்து, மறுபடியும் உபயோகிக்கப்பட்டவை!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிருமிகள் எல்லாமே பருவை உண்டாக்குபவை அல்ல. ஆனால் ஏற்கெனவே உடைந்த பரு, கீறல், கண் ஓரம் இவற்றின் வழியாக உள்ளே போனால் கொப்புளமும் சீழும் கண் நோயும் வரலாம். பருவைக் கிள்ளும் பழக்கம் இருப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

அவசரப்பட்டால் வரும் வினை

என்னிடம் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். அக்கா கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. போட்டோவில் முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, தோழி சொன்ன ஒரு க்ரீமைக் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறாள். முதல் வாரம் முகம் வெளுத்து, பரு அமுங்கியது. பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். க்ரீமை நிறுத்தியதும் முகமெல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்து, முன்னைவிட அதிகமாகப் பரு. வெயிலில் போனால் எரிச்சல் வேறு.

அது ஸ்டீராய்டு க்ரீம். தோலை மெலிய வைத்து, பருவையும் தூண்டிவிடும். 2018-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்படியும் கைக்குக் கை மாறத்தான் செய்கிறது.

சிவந்த முகத்தை மறைக்க அவள் மேலும் மேலும் ஃபவுண்டேஷன் பூசினாள். அடுத்த முறை மேக்கப் பையைக் கொண்டு வரச் சொன்னேன். ஸ்பாஞ்ச் கல்லு மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. பூஞ்சணம்! அதைக் குப்பையில் போடச் சொல்லி, தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்டீராய்டிலிருந்து தோலை மீட்பதற்கு அவர்களுடைய மேற்பார்வைதான் சரி. கல்யாணத்துக்குள் முகம் முழுதும் சரியாகவில்லை. மாதங்கள் ஆகித்தான் தெளிந்தது. "வெறும் ஸ்பாஞ்சை மாத்தி, பொறுமையா இருந்திருக்கலாம்" என்று அவளே சொன்னாள்.

கழுவும் முறை

அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி, மேக்கப் பிரஷ்களை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. பரு இருப்பவர்கள் வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒன்றும் இல்லை, வீட்டில் இருக்கும் ஷாம்புவே போதும்.

* வெதுவெதுப்பான தண்ணீரில் முடிப் பகுதியை மட்டும், கீழ்நோக்கிப் பிடித்து நனையுங்கள். கைப்பிடி சேரும் உலோகப் பட்டைக்குள் தண்ணீர் இறங்கினால் பசை விட்டு முடி கொட்டும்.

* உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, அதில் பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். ஷாம்பு மிச்சம் இருந்தால் அதுவே முகத்தில் அரிப்பைக் கிளப்பும்.

* சுத்தமான துணியில் ஒற்றி, மேஜை விளிம்பில் முடிப் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கவைத்துக் காயவிடுங்கள். டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

* ஸ்பாஞ்சை உபயோகித்த அன்றே பிழிந்து பிழிந்து கழுவுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். கறுப்புப் புள்ளி, நாற்றம், கிழிசல் எது தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

* துணி பவுடர் பஃப்பைத் துவைத்து நன்றாகக் காயவைத்த பிறகே டப்பாவில் போடுங்கள்.

கடன் கொடுக்கக் கூடாத பொருள்

பள்ளி ஆண்டு விழாவில் நடனம் ஆடும் இருபது பிள்ளைகளுக்கும் ஒரே ஸ்பாஞ்ச், ஒரே மை. ஒரு குழந்தைக்குக் கண் வலியோ முகத்தில் சிரங்கோ இருந்தால் அது மற்றவர்களுக்கும் பரவ வழி உண்டு. உங்கள் பிள்ளைக்குத் தனி ஸ்பாஞ்சும் தனி மையும் கொடுத்து அனுப்புங்கள். கல்யாண மேக்கப்புக்குப் பியூட்டி பார்லரிலிருந்து வருபவரிடம் "பிரஷ் கழுவினதாம்மா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. சொந்த பிரஷ் இருந்தால் அதையே கொடுங்கள். அக்கா, தங்கைக்குள் கூட லிப்ஸ்டிக், மை, துண்டு மூன்றும் தனித்தனிதான்.

முகத்தைத் தேய்க்காதீர்கள்

ஐந்து தடவை சோப்பு போட்டால் தோல் வறண்டு எரிச்சல்தான் மிஞ்சும். காலை, இரவு இரு வேளையும், வியர்த்துக் கொட்டினால் இன்னொரு தடவையும் மென்மையாகக் கழுவினால் போதும். எவ்வளவு அசதியானாலும் மேக்கப்போடு படுக்காதீர்கள். தலையணை உறையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மேக்கப் வாங்கும்போது துவாரத்தை அடைக்காதது, அதாவது 'நான்-காமெடோஜெனிக்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சோப்புக்குப் பதில் நலங்கு மாவு உபயோகிக்கலாமா? தாராளமாக. ஆனால் மூலிகை என்பதால் சுத்தத்துக்கு விதிவிலக்கு கிடையாது! பாசிப்பயறு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு இவற்றைக் காயவைத்து அரைத்தால் மட்டும் போதாது. மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். இதை சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்போம். கொரகொரப்பான மாவு பருவைக் கீறிவிடும். தேவையான அளவு மட்டும் அன்றன்றைக்குக் குழைத்து, பூசிக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். மாவு டப்பாவில் ஈரக் கை, ஈர ஸ்பூன் ஆகவே ஆகாது. முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் மட்டும் முகத்துக்கு. எலுமிச்சைச் சாறு, டூத் பேஸ்ட், சமையல் சோடா மூன்றும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

எப்போது டாக்டர்?

பிரஷ்ஷைக் கழுவினாலே எல்லாப் பருவும் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. போட்ட எண்ணெயை நிறுத்தினால்தான் எரிகிற தீ அடங்கும். சிகிச்சை அதற்கு மேல். ஆழமாக, வலியோடு கட்டி கட்டியாக வந்தால், பள்ளம் விழுந்தால், மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் முகத்தில் முடியும் வளர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்தச் சிகிச்சையானாலும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாலே நாளில் போக்குகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பரு ஆறிவிடும், அவசரத்தால் வரும் தழும்பு சுலபத்தில் ஆறாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து முடித்ததும், அதே ஷாம்புவில் இரண்டு சொட்டு எடுத்து வையுங்கள். பத்து நிமிஷ வேலை. உங்கள் பிரஷ்ஷும் குளிக்கட்டும்!