முத்துக்கரையில் ஒரு பிரேசில்

சென்ற ஆடி மாதத்தில் எங்கள் மேலூர்ப் பங்கின் இளைஞன் ஒருவன் கையில் ஒரு படத்துடன் வந்தான். பிரேசில் நாட்டுக் கடற்கரை நகரமாகிய சால்வதோரின் படம் அது. குன்றின்மேல் கோயில்கள், மஞ்சளும் நீலமும் பூசிய வீடுகள், தவக்காலத்திற்கு முன்வரும் திருவிழாவில் முரசொலியோடு ஆடும் மக்கள்! "சாமி, இதுவும் கத்தோலிக்க ஊர்தானாம். அவர்களுக்கு அது சொந்தப் பண்பாடு. நம்மை மட்டும் ஏன் பறங்கி மதத்தார் என்று கேலி செய்கிறார்கள்?" என்றான். "ஆகஸ்டு 5-ஆம் நாள் என்னோடு தூத்துக்குடிக்கு வா தம்பி, அங்கே பேசுவோம்" என்றேன்.

பெரியாற்றுப் பாசன வயல்களைப் பின்னே விட்டு, எட்டயபுரத்துக் கரிசலையும் கடந்தால், காற்றில் உப்பு மணக்கும். வெள்ளை வெளேரென்ற உப்பளங்கள் வரவேற்கும். பனியே காணாத அந்நகரில் பனிமய மாதாவின் பேராலயம்! ஜூலை 26-இல் கொடியேறும் திருவிழா ஆகஸ்டு 5-இல் நிறைவுறுகிறது. தெருவெங்கும் மக்கள் வெள்ளம். சாதி சமயம் பாராது அன்னையை நாடி வரும் கூட்டம்.

நாங்கள் ஆலய முற்றத்தில் அமர்ந்தோம். 1500-இல் கப்ரால் என்னும் போர்த்துக்கீசியத் தளபதி இந்தியாவுக்குப் புறப்பட்ட வழியில்தான் பிரேசில் கரையைக் கண்டார். அங்கிருந்து கோழிக்கோடு வந்தார். சால்வதோர் நகரம் 1549-இல் எழுந்தது. அதற்குமுன்னரே, 1535-க்கும் 1537-க்கும் இடையில், நம் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றுவிட்டனர். 1542-இல் புனித சவேரியார் இக்கரையில் கால்வைத்தார். அதே சவேரியாரைத்தான், 1686-இல் கொள்ளைநோயால் துன்புற்ற சால்வதோர் மக்கள் தம் நகரின் பாதுகாவலராகக் கொண்டனர். கடல்கள் கடந்தும் இரு நகரங்களுக்கும் தந்தை ஒருவரே!

உறவு அத்துடன் நிற்கவில்லை. பர்னாந்து, கோமஸ், மச்சாடோ என்னும் பெயர்கள் இரு கரைகளிலும் உண்டு. நாம் நாளும் வழங்கும் சாவி, சன்னல், அலமாரி, மேசை ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்களே. தூத்துக்குடி மக்ரூனை வாங்கி அவன் கையில் கொடுத்தேன். முட்டை வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த பண்டம் அது. அந்த முந்திரியின் தாயகம் பிரேசில். ஆனால் மக்ரூனை அயல்நாட்டுப் பண்டம் என்று எவரேனும் தள்ளுவதுண்டா?

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. சால்வதோரின் அழகுக்கு அடியில் கண்ணீர் உறைந்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் அது செழித்தது. அதன் பழம்பகுதிக்குப் பெயரே "கசையடிக் கம்பம்" என்னும் பொருளுடையது. 1888 வரை அங்கே அடிமைமுறை நீடித்தது. அம்மக்களோ தங்களுக்கென ஒரு செபமாலை அன்னை ஆலயத்தை எழுப்பினர். தம் முரசையும் பாடலையும் காத்தனர். இன்று உலகம் காணச் செல்லும் கொண்டாட்டம் அவர்கள் தந்ததே. இங்கும் போர்த்துக்கீசிய அதிகாரிகள் பரதவரை வருத்தியபோது, அவர்களைக் கடுமையாகக் கண்டித்து மடல் எழுதியவர் சவேரியார்.

"தம்பி, 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர், போர்த்துக்கீசியர் ஆட்சி போயிற்று. பறங்கியர் மதமாயிருந்தால் அவர்களோடு இதுவும் கப்பலேறியிருக்க வேண்டுமே? டச்சு ஆட்சியிலேயே, 1713-இல் இக்கோயில் எழுந்தது. 1806-இல் பொன்தேர் ஓடியது. 1578-இலேயே தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிவிட்டது. ஆண்டவர்கள் போயினர், நம்பியவர்கள் நின்றனர். எது எவருடையது என்பதை, கொண்டுவந்த கை முடிவு செய்வதில்லை. காத்து வளர்த்த கையே முடிவு செய்கிறது."

அவன் நெடுநேரம் பேசவில்லை. முத்துக்குளிப்பும் 1961-ஓடு நின்றுபோனதை அருகிலிருந்த முதிய மீனவர் ஒருவர் நினைவூட்டினார். "முத்து போச்சு சாமி, மாதா இருக்காக" என்றார் அவர்.

திரும்பும் வழியில், பேருந்தில் அவனே செபமாலையைத் தொடங்கினான். குடும்பத்தாரே, உங்கள் பிள்ளைகளும் இக்கேள்வியைக் கேட்பர். சினவாதீர்கள், கைப்பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.