முதலில் சந்தா, பிறகு கச்சேரி: அமெரிக்கச் சிற்றூர்கள் இசை கேட்ட முறை

கம்யூனிட்டி கான்சர்ட்ஸ் என்பது அமெரிக்கச் சிறு நகரங்களில் ஊர்க்காரர்களே சங்கம் அமைத்து, சந்தா திரட்டி, வெளியூர்க் கலைஞர்களை வரவழைத்து நடத்திய மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரித் தொடர். பெருநகரங்களில் மட்டுமே கேட்கக் கிடைத்த பியானோ, வயலின், ஓபரா கலைஞர்கள் இதன் வழியாக நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்கு முன்பு, பெயர்பெற்ற பாடகர் ஒருவரைச் சிற்றூருக்கு அழைப்பது துணிச்சலான காரியம். கலைஞரின் சம்பளத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் சிலர் பொறுப்பேற்பார்கள். பனி கொட்டினாலோ, டிக்கெட் விற்காமல் போனாலோ நட்டம் அவர்கள் தலையில் விழும். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் மறு ஆண்டு முன்வருவதில்லை. இந்தச் சிக்கலுக்கு 1920-களில் விடை கிடைத்தது. சிகாகோவில் டெமா ஹார்ஷ்பார்கர் என்ற பெண்மணி சிவிக் மியூசிக் அமைப்பை வளர்த்தார். அதே வழியில் வார்டு ஃபிரெஞ்ச் கம்யூனிட்டி கான்சர்ட்ஸை விரிவாக்கினார்.

வழி எளியது: பணத்தை முதலில் திரட்டு, கலைஞரைப் பிறகு முடிவு செய். ஆண்டுக்கு ஒரு வாரம் சந்தா சேர்க்கும் வாரம். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பிரதிநிதி வந்து தங்குவார். உள்ளூர்த் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய் உறுப்பினர்களைச் சேர்ப்பார்கள். வாரம் முடிந்ததும் கணக்கு மூடப்படும். கையில் சேர்ந்த தொகைக்கு ஏற்ப எத்தனை கச்சேரி, யார் யார் என்று குழு உட்கார்ந்து தீர்மானிக்கும். நட்டத்துக்கு இடமே இல்லை. சென்னை சபாக்களிலும் சந்தா உண்டு, வாசலில் டிக்கெட்டும் உண்டு. கம்யூனிட்டி கான்சர்ட்ஸில் தனி டிக்கெட் கிடையாது. உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே போகலாம். அதே அட்டையைக் காட்டிப் பக்கத்து ஊர்ச் சங்கத்தின் கச்சேரியையும் பல இடங்களில் கேட்கலாம். யார் வரப்போகிறார் என்பது முழுமையாகத் தெரியாமலே மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் இதில் வியப்பு. அவர்கள் நம்பியது கலைஞரின் பெயரை அல்ல, தங்கள் ஊர்ச் சங்கத்தை.

கச்சேரி பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி அரங்கில் நடக்கும். கலைஞருக்கு அடுத்தடுத்த ஊர்களில் மேடை கிடைத்ததால் பயணச் செலவு பகிர்ந்துபோயிற்று. புகழ் இன்னும் சேராத இளம் கலைஞர்களுக்கு இதுவே பிழைப்பும் பயிற்சியும். ஆனால் பயணம், தங்குமிடம், உடன் வாசிக்கும் பியானோ கலைஞரின் ஊதியம், முகவரின் தரகு எல்லாம் கழிந்தபின் அவர்கள் கையில் நின்றது குறைவு.

இதன் மறுபக்கம் அதிகாரக் குவிப்பு. 1930-இல் ஆர்தர் ஜட்சன் தலைமையில் பல முகமைகள் இணைந்து கொலம்பியா கான்சர்ட்ஸ் கார்ப்பரேஷன் உருவானது. கம்யூனிட்டி கான்சர்ட்ஸ் அதன் அங்கமாயிற்று. ஜட்சன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் மேலாளராகவும் இருந்தவர். கலைஞரை நிர்வகிப்பவரும் ஊர்ச் சங்கத்துக்குப் பட்டியல் நீட்டுபவரும் ஒரே நிறுவனம் என்றால், பட்டியலுக்கு வெளியே உள்ள கலைஞருக்கு மேடை ஏது? அமெரிக்க நீதித்துறை இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் கொலம்பியாவும் அதன் போட்டி நிறுவனமும் 1955-இல் சமரச ஆணைக்கு உடன்பட்டன. தெற்கு மாநிலங்களில் இன்னொரு கதவும் மூடியிருந்தது: கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டார்கள், அல்லது தனி வரிசையில் அமர்த்தப்பட்டார்கள். ஊர்ச் சங்கம் என்ற பெயருக்கே அது இழுக்கு.

பின்னர் இசைத்தட்டும் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் வந்தன. பல்கலைக்கழகங்கள் சொந்த அரங்குகள் கட்டின. 1965-இல் தேசியக் கலை நிதியம் பிறந்தபின் அரசு மானியமும் கிடைத்தது. சந்தாதாரர்களுக்கு வயதாயிற்று, இளையவர்கள் அந்த அளவுக்குச் சேரவில்லை. 1990-களின் இறுதியில் கொலம்பியா நிறுவனம் இந்தப் பிரிவைக் கைமாற்றியது. அந்த நிறுவனமே 2020-இல், கொரோனா காலத்தில், மூடப்பட்டது. ஆனாலும் ஊர்ச் சங்கங்கள் பல தன்னாட்சி அமைப்புகளாக இன்றும் சந்தா திரட்டிக் கச்சேரி நடத்திவருகின்றன.