காயத்துக்குச் சாட்சி

1990இல் கரம்பொன்னை விட்டு வெளிக்கிட்டுப் பிறர் காணியில் கூலிக்கு நின்றவர்களில் பலர், அடிபட்டால் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிடுவார்கள். வழக்கென்று வந்தால் அது போதாது.

முதலில் பொலிசில் முறையிடுங்கள். அவர்கள் தரும் படிவத்துடன் ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரியைக் காணலாம். இவர் உங்கள் ஆளுமல்லர், எதிராளியின் ஆளுமல்லர். காயம் எங்கே, எவ்வளவு, எதனால் வந்திருக்கலாம் என்று எழுதி நீதிமன்றுக்கு அறிக்கை கொடுப்பார். எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது பாரதூரமான காயம்.

பழைய ஷெல் காயம் இருந்தால் மறைக்க வேண்டாம். பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைக் கிளறினால், புதுக் காயத்தையும் நம்பமாட்டார்கள்! கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் போடவேண்டும். 1871ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.