கேட்பானின் வேலை

நூலகத்தில் காலையில் ஒரு மாணவர் ஒரு நூலைத் தேடுகிறார். ‘முடிவுகள் இல்லை’ எனக் கணினித் திரை காட்டுகிறது. நண்பகலில் அந்நூல் வந்துசேர்கிறது. நூலகர் அதனைப் பதிவு செய்கிறார். மாலையில் வேறொரு மாணவர் அதே நூலைத் தேடுகிறார். மீண்டும் ‘முடிவுகள் இல்லை’ என்றே விடை வருகிறது. நூல் அடுக்கில் இருந்தும் அவர் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். இதற்குக் காரணம் என்ன?

தேடுபொறி ஒவ்வொரு தேடலுக்கும் எல்லா ஆவணங்களையும் படித்துப் பார்ப்பதில்லை. எந்தச் சொல் எந்த ஆவணத்தில் உள்ளது என்பதை முன்னதாகவே தொகுத்து வைத்திருக்கும். நூல்களின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்ற இத்தொகுப்பே தேடல் அட்டவணை எனப்படுகிறது. மேலும், விரைவாக விடையளிப்பதற்காக, முன்பு கிடைத்த விடைகளை இணையத்தளம் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும். அட்டவணை மாறிய செய்தி இணையத்தளத்திற்கு எட்டாவிட்டால், காலையில் சேமித்த விடையையே அது மாலையிலும் காட்டும்.

மாற்றத்தை அறிய இரு வழிகள் உள்ளன. தமிழில் ‘கேட்டல்’ என்பது வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். முதல் வழி வினவுதல். ‘அட்டவணை மாறிவிட்டதா?’ என நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வினவும். பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதிலே வருவதால் கணினியின் உழைப்பு வீணாகிறது. மாற்றம் நிகழ்ந்தாலும் அடுத்த முறை வினவும்வரை அது தெரியாது.

இரண்டாம் வழி செவிமடுத்தல். விருந்தினர் வந்துவிட்டாரா என அடிக்கடி கதவைத் திறந்து பார்ப்பதைவிட, அழைப்பு மணி ஒலித்ததும் திறப்பது எளிதன்றோ? அதுபோல, அட்டவணை புதுப்பிக்கப்பட்டதும் அச்செய்தி ஒரு நிகழ்வாக அறிவிக்கப்படும். அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் சிறு நிரலே ‘நிகழ்வு கேட்பான்’. அறிவிப்பு வந்தவுடன் அது பழைய விடைகளை நீக்கும். அந்நூலுக்காகக் காத்திருப்போருக்கு மின்னஞ்சலும் அனுப்பும்.

2004இல் உருவாக்கப்பட்ட சோலர் என்னும் தேடுபொறி மென்பொருளில் இத்தகைய கேட்பானை அமைக்கலாம். புதுப்பிக்கப்பட்ட அட்டவணை பயன்பாட்டுக்கு வருமுன், கேட்பான் வழக்கமான சில தேடல்களைத் தானே நடத்தி, விடைகளைத் தயாராக வைத்துக்கொள்ளும். அதுவரை பழைய அட்டவணையே பயனருக்கு விடையளிக்கும். இதனால், புதுப்பித்த பிறகு முதலில் தேடுபவர் நெடுநேரம் காத்திருக்க நேராது.

எனினும், கேட்பான் சரியான நிகழ்வையே கவனிக்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்னும் மென்பொருளில், பதிவு செய்த தகவல் தேடலில் தோன்றப் பொதுவாக ஒரு நொடி வரை ஆகும். அந்த இடைவெளியில் கேட்பான் பழைய விடைகளை நீக்கினால், அதே நொடியில் வேறொருவர் தேடும்போது பழைய விடையே மீண்டும் சேமிக்கப்பட்டுவிடும். எனவே, தகவல் பதிவானவுடன் செயல்படாமல், அட்டவணை புதுப்பிக்கப்பட்ட பின்னரே கேட்பான் செயல்பட வேண்டும். அப்போதுதான் மாலையில் தேடும் மாணவருக்கு அந்நூல் கிடைக்கும்.