மாசிக் கிணற்றை நம்பி நடலாமா? செஞ்சிப் பக்கத்துக் கோடைத் தோட்ட வேலைகள்

மேல்மலையனூரில் மயானக் கொள்ளை நடக்கும் மாசி அமாவாசையில், விளைந்த தானியத்தையும் காய்கறியையும் கொண்டுவந்து சூறைவிடுவார்கள். திருவிழா முடிந்து செஞ்சிப் பக்கம் திரும்பும்போது பல கிணறுகளில் இன்னும் தண்ணீர் தெரியும். தை அறுவடைப் பணமும் கொஞ்சம் கையில் இருக்கும். கத்தரி, தக்காளி நாற்றை வாங்கி அரை ஏக்கரில் நட்டுவிடலாம் என்று தோன்றுவது இந்த நேரத்தில்தான்.

பங்குனி முடிவில், காய் பிடிக்கிற சமயம் பார்த்து மோட்டார் காற்றை இழுக்கும். நாற்று, உரம், ஆள்கூலி அத்தனையும் போய்விடும். பயிரைக் காப்பாற்ற டேங்கர் தண்ணீர் வாங்கிய வீட்டில் கடனும் மிஞ்சும்.

"மார்ச் வந்துவிட்டது, விதை போடுங்கள்" என்று கைபேசியில் வரும் வீடியோக்களில் பல குளிர்நாட்டுக்காரர்களுடையவை. அங்கே பனி உருகி மண் இளகுவது அப்போதுதான். நம் ஊரில் அதே மாதத்தில் ராஜகிரிப் பாறையும் கிருஷ்ணகிரிப் பாறையும் பகலில் வாங்கிய வெயிலை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். இரவு வெக்கை தக்காளிக்கு ஆகாது. செடி பச்சையாக நிற்கும், பூ மட்டும் உதிரும்.

அதனால் மாசியில் முதல் வேலை கிணற்றை அளப்பது. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் ஒரு முறை, மறுநாள் விடியற்காலை ஒரு முறை அளந்தால் இரவில் எவ்வளவு ஊறுகிறது என்பது தெரிந்துவிடும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 8,900 லிட்டர். 15 அடி விட்டம் என்றால் 5,000 லிட்டர். ஒரு சென்ட் நிலத்தை ஓர் அங்குலம் நனைக்க 1,000 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஒரு ஏக்கரை ஒரே ஒரு முறை அப்படி நனைப்பதற்கே 20 அடிக் கிணற்றில் பதினொன்றரை அடித் தண்ணீர் இறங்கிவிடும்! கிணற்றை எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது.

அதே கிணற்றில் ஓர் இரவுக்கு ஓர் அடி ஊறுகிறது, நான்கு நாளுக்கு ஒரு முறை பாய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 35 சென்ட் வரை பாயும். மண் வாய்க்கால் குடிப்பதைக் கழித்தால் 25 சென்ட்தான் கையில் நிற்கும். பங்குனியில் ஊற்றும் குறையும் என்பதால் அதிலும் பாதிக்குத் திட்டமிடுவதே பாதுகாப்பு. 12 சென்டா என்று மனம் கேட்காதுதான். ஆனால் காய்ந்துபோன அரை ஏக்கரைவிட 12 சென்ட் கீரையும் வெண்டையும் வீட்டுக்கு நிச்சயமான வரவு.

கோட்டையைக் கட்டியவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டபோது ராஜாராமின் ஆட்கள் உள்ளே தாக்குப்பிடித்தார்கள் என்றால், மதில் மட்டும் போதுமா? செட்டிகுளம், சக்கரகுளம் போன்ற குளங்களும் பாறைச் சுனைகளும் நெற்களஞ்சியமும் இன்றும் அங்கே இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம்.

எதை நடுவது? கிணறு இறங்குவதற்குள் பலன் தருவதை நடலாம். தண்டுக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை 45 நாளில் முதல் பறிப்பு. ஆனால் கோடையில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்பும். நோய் கண்ட செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும். கொத்தவரை வறட்சியைத் தாங்கும். கத்தரி நான்கைந்து மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். வெயில் உச்சத்தில்தான் அதிகம் தண்ணீர் கேட்கும் என்பதால், வீட்டுத் தேவைக்குப் பத்துச் செடியைக் குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் வைத்துக்கொண்டால் போதும்.

கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளவர்களுக்கு மாசிப்பட்ட எள் உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 7 எள்ளுக்கு 80 முதல் 85 நாள். அதே பெயரில் மல்லாட்டை ரகமும் இருப்பதால் டிப்போவில் பயிரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். ஏக்கருக்கு 2 கிலோ விதையை மணலோடு கலந்து தூவி, 15ஆம் நாளும் 30ஆம் நாளும் களைத்துவிட வேண்டும். களைக்க மனம் வராதவர் வீட்டில் எள் விளையாது.

தென்னையைச் சுற்றி மட்டையை, குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி வைத்தால் வட்டப்பாத்தி சீக்கிரம் காயாது. மாமரத்துக்குப் பூவில் இருக்கும்போது தண்ணீர் வேண்டாம், பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் கொடுக்கலாம். பூங்கொத்தில் தத்துப்பூச்சி அடைந்து, இலையில் கரும்பூசணம் படர்ந்தாலும் பூ முழுதும் விரிந்த நேரத்தில் மருந்தடிக்கக் கூடாது. மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் சேர்ந்து செத்துப்போகும். பூ விரியும் முன்போ, பிஞ்சு பிடித்த பின்போ வேளாண் அலுவலரைக் கேட்டு அடிக்கலாம்.

மல்லாட்டை எடுத்த கொல்லையைச் சும்மா போட்டுவிடாதீர்கள். மண் காலியாக இருக்கும் இப்போதே, பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, மண்ணைக் கலந்து, அரைக் கிலோ எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம். பிறகு கோடை மழை ஒன்று கிடைத்தாலும் உழுதுவிட வேண்டும். சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பது மானாவாரிக் கொல்லைக்கு அப்படியே பொருந்தும். சரிவுக்குக் குறுக்கே உழுதால் அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கி, கிணற்றுக்கும் போய்ச் சேரும்.

உழவில் இன்னொரு காரியமும் இருக்கிறது. ஆடி மல்லாட்டையைக் கூட்டம் கூட்டமாக மேயும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் இப்போது மண்ணுக்குள், குறிப்பாக வரப்போரத்திலும் மரநிழலிலும் தூங்குகின்றன. ஏர் அவற்றை மேலே புரட்டிப்போட்டால் மைனாவும் கொக்கும் பொறுக்கித் தின்றுவிடும். கலப்பை எட்டாத வரப்போரத்தை மண்வெட்டியால் கொத்துங்கள். அதிலும் தப்பியவை நல்ல மழை பெய்தபின் அந்துப்பூச்சிகளாக வெளியே வரும். மழை விட்ட மறுநாள் முதல், இரவு ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை கொல்லையில் விளக்குப்பொறி வைக்கலாம், அல்லது செத்தை கூட்டித் தீ மூட்டலாம். ஒருவர் கொல்லையில் மட்டும் வைத்தால் பயன் குறைவு. பக்கத்துக் கொல்லைக்காரர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.